பச்சை மணிகள் போன வழி

கர்நாடகத்தில் ஹனூர்ப் பக்கம் கௌதள்ளியில் பிறந்த ஜோதிமணி, வீட்டில் டீச்சர் வேலைக்குப் போகச் சொல்லியும் கேட்காமல், மைசூரில் இயற்பியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். தாறுமாறாக அடைந்து கிடக்கும் மணலுக்குள் தண்ணீரோடு போகும் நுண்துகள்கள் எங்கே சிக்கிக்கொள்கின்றன என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட கேள்வி.

தட்டையான கண்ணாடிப் பெட்டியில் சிறிதும் பெரிதுமாகக் கண்ணாடித் துணுக்குகளை நிரப்பி, தூசியைவிடச் சிறிய பிளாஸ்டிக் மணிகளைத் தண்ணீரில் கலந்து ஒரு முனையில் செலுத்துவாள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில மணிகள் இடுக்குகளில் புகுந்து அப்படியே நின்றுவிடும். மணிகள் கூடினால் அடைப்பும் கூடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும்தான். ஆனால் மணிகளைக் கூட்டிப் பார்த்த அன்று, மணிகளில் முன்னைவிட அதிகப் பங்கு மறுமுனைக்கு வந்து சேர்ந்தது.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் மாணிக்கவாசகம் நம்பவில்லை.

“பெட்டி ஓரத்துல எங்கயோ லீக் ஆகுதும்மா. அந்த ரீடிங்கை விட்டுடு.”

“லீக் இல்லீங்க சார். ரெண்டு கலர் போட்டுக் காட்டறனுங்க.”

முதலில் சிவப்பு மணிகளை விட்டாள், பிறகு பச்சை. சிவப்பு மணிகள் இடுக்குகளைப் பிடித்துக்கொண்டன. எல்லா மணிகளுக்கும் ஒரே வகை மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். அதனால் பின்னால் வந்த பச்சை மணிகள் நிரம்பிய இடுக்குகளில் நுழையாமல் விலகி, துணுக்குகளுக்கு நடுவே திறந்திருந்த வழியில் ஓடின. பெட்டி ஓரத்தில் எதுவும் கசியவில்லை.

பேராசிரியர் வெகுநேரம் லென்ஸில் கண்ணை வைத்திருந்தார். தள்ளுவதுதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார். அதற்கும் அவள் தயாராகவே வந்திருந்தாள். தண்ணீரில் உப்பைக் கரைத்தால் தள்ளும் விசை தளர்ந்துவிடும். உப்புத் தண்ணீரில் அதே சோதனையைத் திரும்பச் செய்தாள். பச்சை மணிகள் சிவப்பின்மேல் ஒட்டிக் கொத்துக்கொத்தாகத் திரண்டன. மதியத்துக்குள் பெட்டியே அடைத்துக்கொண்டது.

லீக் என்று தான் சொன்னது தவறு என்று அவர் ஒப்புக்கொண்டார். உடனே ஆய்வுக் கட்டுரையாக எழுதத் தொடங்கச் சொன்னார். ஆய்விதழும் முதலில் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பியது. ஜோதிமணி சளைக்காமல் இரண்டு நிறப் படங்களையும் உப்புத் தண்ணீர்ப் படங்களையும் சேர்த்து அனுப்பினாள். இந்தமுறை ஏற்றுக்கொண்டார்கள்.

பெங்களூரில் நடந்த கருத்தரங்கில் அவள் இதை விளக்கி முடித்ததும், வினிதா என்ற விஞ்ஞானி எழுந்து, மணிகளை இன்னும் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று கேட்டார்.

“ஒரு அளவுக்கு மேல போனா அதுவும் அடைச்சுக்கும் மேடம். அந்த அளவு எதுன்னு இன்னும் தெரியல. அடுத்து அதைத்தான் பார்க்கப் போறேன்.”

தெரியாது என்று சொல்வதில் அவளுக்குக் கூச்சமே இல்லை. அதற்குள் பின்வரிசையில் வேறு யாரோ கையை உயர்த்தினார்கள்.