கீச்சானுக்குப் போட்ட பொரி

மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், மாடி அறையில் குடியிருக்கிறேன். கீழே வீட்டுக்கார மாமி தனியாக இருக்கிறார். அறை பார்க்க வந்த அன்று அவர் ஒன்றுதான் கேட்டார். "மாமிசம் சமைக்கிற வழக்கம் உண்டா?" இல்லை என்றேன். அது பொய்யில்லை. எனக்குச் சமைக்கவே தெரியாது. தி. நகரில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையிலேயே சாப்பாடு போட்டுவிடுவார்கள்.

ஆனால் நான் வளர்க்கும் மீன் மாமிசத்தைப் பச்சையாகத் தின்னும். அதைச் சொல்லவில்லை.

அது ஒரு கீச்சான். அடையாறு கடலில் சேரும் இடத்தில் வலையில் சிக்கியது. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஒரு அம்மாவின் சட்டியில், செத்த மீன்களுக்கு நடுவே அது மட்டும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. உடம்பில் வளைந்த மூன்று கறுப்புக் கோடுகள். கையில் எடுத்தால் கீச் கீச்சென்று கத்தும். வாங்கி வந்து தொட்டியில் விட்டேன். கூட விட்ட மீன்களை எல்லாம் செதிலையும் வாலையும் கடித்தே கொன்றது. அதனால் மூன்றடித் தொட்டியில் அது தனியாக இருந்தது. கடல் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீர் கலந்து ஊற்றுவேன். வாரம் இரண்டு முறை அந்த அம்மாவிடம் உயிருள்ள பொடி இறால் வாங்கி, டிபன் கேரியரின் அடித்தட்டில் மறைத்துக் கொண்டுவருவேன்.

"இன்னா நைனா, ஊர்ல அவனவன் மீனைத் துன்றான். நீ மீனுக்கு ஊட்டிக்கினு கீற" என்பார் அந்த அம்மா. சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

சித்தப்பா காரியத்துக்கு மூன்று நாள் ஊருக்குப் போகவேண்டி வந்தது. சாவியை மாமியிடம் கொடுத்தேன்.

"கரண்ட் போய் வந்தா, காத்து விடுற மோட்டார் ஸ்விட்சை மட்டும் போட்டுடுங்க மாமி."

"அதுக்கு ஆகாரம்?"

"வேண்டாம் மாமி. மூணு நாள் தாங்கும்."

அது என்னதான் தின்னும் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து, வேகமாகப் படியிறங்கினேன்.

திரும்பி வந்த காலையில் தொட்டி அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. புளித்த வாடை. அடியில் ஊறிப்போன பொரி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. கீச்சான் மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கோடுகள் வெளுத்திருந்தன.

மாமி பின்னாலேயே படியேறி வந்தார். "வந்துட்டேளா? பாவம், நேத்திலேர்ந்து வாயை வாயைத் தொறந்துண்டு மேலேயே நிக்கறது. பசிதான்னு இன்னும் ரெண்டு பிடி போட்டேன். குளத்து மீனுக்குப் போடற அதே பொரிதான்."

அப்போதே சொல்லியிருக்கலாம். "பரவாயில்லை மாமி" என்றேன்.

பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டினேன். இரண்டு கேன்களை வண்டியில் கட்டிக்கொண்டு பட்டினப்பாக்கத்துக்கு ஓட்டினேன். பேன்ட்டோடு கடலில் இறங்கியதைப் பார்த்து அந்த அம்மா கத்தினார். "இன்னா நைனா, கடலையே வூட்டுக்குத் தூக்கினு போறியா?"

"சாவுது" என்றேன். அதற்கப்புறம் அவர் கேலி பேசவில்லை. ஒரு கேனை அவரே சுமந்து வந்து வண்டியில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து ஊற்றிய கால் மணி நேரத்தில் கீச்சான் கொஞ்சம் கீழே இறங்கியது. ஒருமுறை வாலை அசைத்தது. பிழைத்துவிடும் என்று தோன்றியது. இன்னொரு நடை தண்ணீர் போதும். கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினேன். படிக்குக் கீழே மாமி நின்றிருந்தார். அவரைத் தாண்டித்தான் போனேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது, தெளிந்திருந்த தண்ணீரின் மேல் வெள்ளை வெளேரென்று பொரி மிதந்தது. மாமி காலிக் கிண்ணத்தோடு தொட்டி அருகில் நின்றிருந்தார்.

"இப்பத் தெம்பா இருக்கு. அதான்..."

கேன் கையிலிருந்து நழுவியது. "அது பொரி திங்காது மாமி" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இறால் திங்கும். மீன் திங்கும். உயிரோட. ரெண்டு வருஷமா நான்தான் வாங்கிட்டு வந்து போடுறேன், உங்களுக்குத் தெரியாம."

மாமி என்னைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, வளையலை மேலே தள்ளிக்கொண்டு, முழங்கை வரை அந்தத் தண்ணீருக்குள் கையை விட்டார். பொரியை வழித்து வழித்து வெளியே போட்டார். நானும் போட்டேன். கீச்சான் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்த்திவிட்டேன். மறுபடியும் சாய்ந்தது.

மத்தியானம் அதைக் கையில் எடுத்தேன். அது கத்தவில்லை.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?" என்றார் மாமி. ஈரக் கையைப் புடவையில் துடைக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

அவர் என்னைக் காலி செய்யச் சொல்லவில்லை. இறால் வாங்கிவந்தால் இனி ஒளிக்க வேண்டியதில்லை. தொட்டி காலியாக இருக்கிறது.