தடையை வைத்துப் பிழைக்கும் சுரேஸ்

பசறை பஸ் நிலையத்துக்கு எதிரில் போன் திருத்தும் சுரேஸை எனக்குப் பிடிக்காது. நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். நமுனுகுல பக்கம் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறை வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பிறந்தவன். கொழும்பில் ஒரு கடையில் எடுபிடியாக இருந்துவிட்டு, கூலிங் கிளாசோடு திரும்பி வந்தான். போன் திருத்துவது பெயருக்கு. ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டு, கிரிப்டோ காயின் வாங்கித் தருவதாகச் சொல்வதுதான் தொழில்.

வங்கி அட்டையால் அந்தக் காயினை வாங்க அரசாங்கம் விடுவதில்லை. அதனால் இவன் ஒழிந்தானா? தடையையே விளம்பரமாக்கிக்கொண்டான்.

“கவர்மெண்டு வேணாங்குதுன்னா அதுல நமக்கு நல்லது இருக்குன்னு அர்த்தம். இந்த லயத்துக் காம்பராவ விட்டு நம்மள வெளிய விட்டாங்களா இவங்க?” என்பான். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பேச்சுப் போதும்.

எங்கள் லயத்து விஜயலெட்சுமி அக்காவுக்கும் போதுமாக இருந்தது. ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றபோது வந்த இபிஎப் சேமநிதிப் பணம் அவரிடம் இருந்தது. கிடைத்த காணித் துண்டில் வீடு கட்ட வைத்திருந்ததை அப்படியே கொடுத்துவிட்டார். சிமெந்து வாங்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டபோது சுரேஸ் போனைக் காட்டினான். அதில் இலக்கம் பெரிதாகத்தான் இருந்தது. கைக்குக் காசு வரவில்லை.

“கவர்மெண்டு எடுக்க விடமாட்டேங்குது அக்கா.”

“நான் குடுக்கறப்ப மட்டும் விட்டுச்சாடா?”

“பொலிசுக்குப் போனீங்கன்னா உங்களையும் சேத்துத்தான் புடிப்பான், பாத்துக்கங்க.”

சும்மா மிரட்டுகிறான் என்று எவ்வளவோ சொன்னேன். பொலிஸ் என்றாலே அக்காவுக்கு நடுக்கம். அதனால் அவனைக் கோயிலுக்கு அழைத்தார். எங்கள் பக்கம் வழக்கென்றால் மாரியம்மன் முன்னால் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். காயின் வாங்கியது உண்மையென்றால் அணைத்துக் காட்டட்டும்.

லயமே கூடிவிட்டது. சுரேஸ் வந்தான். வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

“வீட்ல தீட்டு. உள்ள வரக்கூடாது.”

“என்ன தீட்டுடா? சாவா, பெறப்பா? இந்த லயத்துக்கே தெரியாம உங்க வீட்ல யாருடா செத்தா?” என்று அக்கா கேட்டார்.

கூட்டம் சிரித்தது. அவன் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டான்.

அக்கா இப்போது ஒரு சின்னத் தோட்டக்காரரிடம் நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கிறார். நேற்று சுரேஸின் கடையில் எங்கள் லயத்து நிஷாந்த் காசோடு நின்றான்.

“கற்பூரத்துக்குப் பயந்து ஓடுனவன்கிட்டயாடா குடுக்கற?” என்று கேட்டேன்.

“அது அக்காவோட காயின், அண்ணே. இது வேற. இதையும் தடை பண்ணப் போறாங்களாம்” என்றான் சந்தோஷமாக.