பாவடியில் எழுந்த மண்டபம்

இன்று கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் வடிகஞ்சி வாசனை வந்ததும், அந்த இடம் நெசவுப் பாவு விரிக்கும் பாவடியாக இருந்த என் சிறுவயது நினைவுக்கு வந்தது. பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி தோய்த்தபடி, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எங்கள் நெசவுக் குடும்பத்துப் பெண்கள் வீட்டுக் கன்னடத்தில் கூவிச் சிரிப்பார்கள். நூல் வியாபாரி தலை தெரிந்தால், "அவுக முன்னால நம்ம பேச்சு வேணாம்" என்று பக்கத்து வீட்டு மாமா எல்லோர் வாயையும் அடைத்துவிடுவார்.

அந்த மாமாவின் மகன்தான் இன்றைய மில் முதலாளி. இன்று இந்த மண்டபத்தில் மொழிப் பாதுகாப்பு விழா நடத்தி, மில்லில் வேலை பார்க்கும் அசாம் பெண்களை அவர்களுடைய ராபா மொழியில் பாடவைத்து, "சின்ன மொழிக சாகக்கூடாது" என்று மைக்கில் உருகினார். அவர் பிள்ளைகளுக்குக் கன்னடத்தில் தண்ணீர் கேட்கத் தெரியாது.

பந்தியில், பாடிய பெண் தங்கையிடம் ராபாவில் பேசிச் சிரித்தாள். முதலாளி முகம் சுளித்தார்.

"ஏத்தா, விருந்தாளுக முன்னால உங்க பேச்சு வேணாம்."

"பாட்டுக்கு மட்டுந்தானாண்ணே?" என்றாள் அவள், அருப்புக்கோட்டைத் தமிழில்.

அவர் காதில் விழவில்லை. விழாவில் போர்த்திய பொன்னாடையில் ரசம் சிந்தாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.