பதினோராம் நம்பர் அறையில் கரிச்சட்டி

மார்கழி மாதம், மதியம் மூன்று மணி. ரிசப்ஷனில் இண்டர்காம் அடித்தது. பதினோராம் நம்பர் அறையில் தங்கியிருந்த ஈரோட்டுக்கார அம்மா பேசினார்.

"ஏனுங்க மேடம், தலவலி மாத்திரை இருக்குதுங்களா? எனக்கும் எங்க ஊட்டுக்காரருக்கும் நொம்ப வலிக்குதுங்க. பாப்பா வேற வாந்தி எடுத்துட்டா."

"மலை ஏறி வந்தா அப்படித்தானுங்க இருக்கும். மாத்திரையும் எலுமிச்சம்பழமும் குடுத்து உடறேன். கொஞ்சம் படுத்து எந்திரிங்க, செரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். சேலத்திலிருந்து இருபது ஹேர்பின் வளைவு ஏறி வருகிறவர்களில் பாதிப் பேர் முகம் வெளுத்துத்தான் கவுன்ட்டருக்கு வருவார்கள். அவர்களுக்கெல்லாம் இதே பதிலைத்தான் சொல்வேன். அன்றைக்கு அது தப்பான பதில். இப்போது இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்கும் பையன்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

பழைய கட்டடமும் புதிய கட்டடமும்

மஞ்சக்குட்டையிலிருந்து தினமும் காலையில் ஷேர் ஜீப்பில் வேலைக்கு வருவேன். குளிர்காலம் எனக்குப் பிடித்த காலம். எஸ்டேட்களில் காபிப் பழம் பறிப்பு நடக்கும். சில்வர் ஓக் மரங்களிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டும். மூடுபனி கதவு வழியாக உள்ளே வந்து ரிஜிஸ்டர் தாளையெல்லாம் நமத்துப்போக வைத்துவிடும், பேனா எழுதாது. பாலித்தீன் பையில் சுற்றித்தான் ரிஜிஸ்டரை வைத்திருப்பேன்.

அந்த மாதங்களில் எச்சரிக்கை சொல்வதும் எங்கள் வேலைதான். கீழே இறங்கும் டிரைவர்களிடம், "ஹை பீம் போடாதீங்க, பனியில வெள்ளையா அடிச்சுக் கண்ணைக் கட்டிரும். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்புவேன். அறைகளில் ஒட்டும் நோட்டீஸை டைப் அடித்ததும் நான்தான். அதில் நான்காவது வரி: "அறைக்குள் தீ மூட்டக் கூடாது."

ரூம் சர்வீஸில் பழனியண்ணன் இருந்தார். சேலத்துக்காரர், லாட்ஜ் திறந்த நாளிலிருந்து இருப்பவர். முன்பு இருந்தது ஓட்டுக் கட்டடம் மட்டும்தான். மார்கழிக் குளிரில் யாராவது நடுங்கினால், அடுப்புக் கரியைக் கனிய வைத்து இரும்புச் சட்டியில் கொண்டுபோய் அறையில் வைப்பார். ஓட்டு இடுக்கில் காற்று தாராளமாகப் போய் வந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. பிறகு புதிய கட்டடம் வந்தது. கான்கிரீட் கூரை, ரப்பர் வைத்த கண்ணாடி ஜன்னல். "சொட்டுக் காத்து உள்ள நொழையாது" என்று மேனேஜர் பெருமையாகச் சொல்லுவார். பதினோராம் நம்பர் அறை அந்தக் கட்டடத்தில் இருந்தது.

அன்று காலை எங்கோ லைன் மேல் மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரில் லைட் மட்டும்தான் எரியும், ஹீட்டர் ஓடாது. தூறலும் பனியும். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஈரோட்டுக்காரர் கவுன்ட்டருக்கு வந்தார்.

"ரூமுக்குள்ள உக்கார முடியலைங்க. பாப்பாவுக்குக் குளிரு ஒத்துக்காது. ஏதாச்சும் பண்ணுங்க."

பழனியண்ணன் என்னைப் பார்த்தார். "கரிச்சட்டி வெச்சுரட்டுங்களா அம்மிணி?"

நோட்டீஸின் நான்காவது வரி நினைவுக்கு வந்தது. தீ என்றால் சுவாலை. இது வெறும் கனல்தானே என்று நினைத்தேன். "நல்லாக் கனியட்டும். பொகை நின்னதுக்கப்பறம் கொண்டுபோய் வைங்கண்ணா" என்றேன். புகை இல்லையென்றால் கெடுதல் இல்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

கதவு

பதினோராம் நம்பரிலிருந்து வந்த போனை வைத்ததும், மாத்திரை எடுத்துப் போகும்படி பழனியண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் சமையலறையில் எலுமிச்சம்பழம் தேடிக்கொண்டிருந்தார். புதிதாக வந்த ஒருவரின் பெயரை எழுத ரிஜிஸ்டரைத் திறந்தேன். மேலே மூன்றாவது வரியில் பதினோராம் நம்பர். வந்தது முந்தின நாள் காலை.

மலை ஏறிய தலைச்சுற்றல் மறுநாள் மதியம் வராது. அன்று காலையில் அந்தப் பாப்பா மூன்று தோசை சாப்பிட்டதை நானே பார்த்திருந்தேன். அதுவும் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படி?

சின்ன வயதில் கேட்ட ஒரு விஷயம் அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஒரு எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டில் கரி மூட்டிக் கதவைச் சாத்திப் படுத்த புருஷனும் பெண்டாட்டியும் எழுந்திருக்கவே இல்லை. பேய் அடித்துவிட்டது என்று ஊரே பேசியது.

மாஸ்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். தட்டினேன். பதில் இல்லை. திறந்து தள்ளினால் கதவு நகரவில்லை. அடியில் துண்டு சொருகியிருந்தது. தோள் கொடுத்து இடித்ததும் திறந்தது. அந்த அம்மா இண்டர்காம் பக்கத்தில் தரையில் கிடந்தார். கணவர் கட்டிலில் கண்ணைப் பாதி மூடியபடி இருந்தார், கூப்பிட்டால் பேசவில்லை. பாப்பா இரண்டு கம்பளிக்குள் இருந்தாள். அறையில் ஒரு பொட்டுப் புகை இல்லை, வாசனை இல்லை. இதமாக இருந்தது. 

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து கத்தினேன். மாத்திரைத் தட்டோடு வந்த பழனியண்ணன் தட்டைப் போட்டுவிட்டு உள்ளே போனார். நாற்காலியால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். அந்த அம்மாவை இழுத்து வந்து கிடத்தினார். மறுபடி போய்க் கணவரைச் சுமந்து வந்தார். "சாமி, நான் வெச்ச சட்டியா இது, நான் வெச்ச சட்டியா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"கண்ணு, கண்ணைத் தொற கண்ணு" என்று தூறலில் நனையும்படி பாப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. அவள் இருமி, என் சேலையிலேயே வாந்தி எடுத்தாள். அவ்வளவு சந்தோஷத்தோடு நான் எந்த வாந்தியையும் வாங்கிக்கொண்டதில்லை.

லாட்ஜ் ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிறகு ஆம்புலன்ஸில் சேலத்துக்கு. பனியில் வண்டி ஊர்ந்துதான் இறங்கியது. டாக்டர் என்னிடம் சொன்னார்: "கரி எரிஞ்சா ஒரு விஷ வாயு வரும்மா. அதுக்கு வாசனை கெடையாது. புகை நின்னாலும் அது நிக்காது."

ஆஸ்பத்திரியில்

மூன்று பேரும் பிழைத்தார்கள். கணவருக்குத்தான் நினைவு தெளிய இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். திட்டட்டும், அடிக்கக்கூட வரட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

"சட்டி வெக்கச் சொன்னது நானுங்க" என்றேன்.

கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.  அந்த அம்மாதான் பேசினார். "கதவடியில துண்டைச் சொருகுனது நானுங்க. அந்த நோட்டீஸைப் படிச்சேன். தீ மூட்டக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு. இது தீ இல்லையேன்னு நெனச்சுட்டேன்."

நான் நினைத்ததும் அதேதான். டைப் அடித்தவளுக்கே புரியாத வரியைப் படிப்பவர் எப்படிப் புரிந்துகொள்வார்?

திரும்பி வந்ததும் மேனேஜர் புதிய நோட்டீஸுக்கு வாசகம் சொன்னார். அதே வரி, கொட்டை எழுத்தில், கீழே "மீறினால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று. நான் அதை அடிக்கவில்லை. "அறைக்குள் கரி, கனல், அடுப்பு எதுவும் வேண்டாம். புகை இல்லாவிட்டாலும் அதிலிருந்து விஷக் காற்று வரும். மூக்குக்குத் தெரியாது. தலை வலித்தால், வாந்தி வந்தால், உடனே கதவைத் திறந்து வெளியே வாருங்கள்" என்று அடித்து நீட்டினேன்.

"என்ன ஸ்டெல்லா, டூர் வந்தவங்களப் பயமுறுத்தற மாதிரி இருக்கு?"

"பயந்தா கதவைத் தொறப்பாங்க சார்."

அவர் தாளை வாங்கி இன்னொரு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். பழனியண்ணன் அதற்குப் பிறகு கரிச்சட்டியைத் தொடவே இல்லை. கொஞ்ச நாளில் வேலையையும் விட்டுப் போய்விட்டார். அந்தக் குளிரையும் அந்த நமத்துப்போன ரிஜிஸ்டரையும் நினைக்கும்போதெல்லாம் அவர் முகமும் சேர்ந்துதான் வருகிறது.

நோட்டீஸோடு நான் விடவில்லை. ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு குளிர்காலத்திலும் சாவி கொடுக்கும்போது அதை வாயாலும் சொன்னேன். செய்யாதே என்று மட்டும் சொன்னால் ஆட்கள் அதில் ஒரு சந்து கண்டுபிடிப்பார்கள், நானே கண்டுபிடித்தேன். செய்தால் என்ன ஆகும் என்று சொன்னால்தான் நிற்பார்கள். சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகும். வரிசையில் பின்னால் நிற்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். சொல்லி முடித்துவிட்டே அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள்.