மெஷின்மேல் ஒரு எலுமிச்சம்பழம்

ஜாஹிராவுக்கு வாய் ஜாஸ்தி என்பார்கள். இருக்கட்டுமே! செங்கம் ரோட்டில் அவள் அத்தா ஜியாவுல்லாவின் லாரி ஆபீஸை அந்த வாய்தான் நடத்தியது.

எண்பத்தாறில் அவள் அண்ணன் துபாயிலிருந்து ஒரு மெஷின் கொண்டுவந்தான். ஆள் இல்லாதபோது போன் வந்தால் அதுவே எடுத்து, பேசுகிறவர் குரலைக் கேசட்டில் பிடித்து வைக்கும். ஜாஹிரா, புக்கிங் பார்க்கும் இருசப்பன், மெக்கானிக் சக்கரவர்த்தி மூவருக்கும் அது பொது. பொது என்றால் நம் ஆட்களைக் கேட்கவா வேண்டும்?

ஒருநாள் டிரைவர் காசி, சிங்காரப்பேட்டையில் ஆக்சில் உடைந்து நிற்பதாக மெஷினில் பேசியிருந்தார். மூவரும் தனித்தனியே கேட்டார்கள். மற்றவர் போயிருப்பார் என்று மூவருமே நம்பிவிட்டார்கள். காசி பகல் முழுக்க மழையில் நின்றார்.

"செத்தாலும் அந்தப் பொட்டிகிட்ட பேசமாட்டேன்" என்றார் திரும்பி வந்து.

ஜியாவுல்லா மகளைப் பார்த்தார். "இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா மெஷினும் வேணாம், நீயும் வீட்டோட இரு."

ஜாஹிராவுக்குச் சுருக்கென்றது. ஆனால் கலங்குகிற ஆளா அவள்? வண்டி கிளம்பும்போது சக்கரத்தடியில் வைக்க ஆபீஸில் எப்போதும் எலுமிச்சம்பழம் இருக்கும். ஒன்றை எடுத்து மெஷின்மேல் வைத்தாள்.

"கேக்கறவங்க பழத்த கையில எடுத்துக்கணும். வேல முடிஞ்சாத்தான் திரும்ப வைக்கணும். பழம் இங்கயே இருந்தா யாரும் போகலைனு அர்த்தம்."

"மெஷினுக்கே திருஷ்டி கழிக்கிறீங்களா?" என்று சிரித்தான் இருசப்பன்.

அடுத்த பௌர்ணமியன்று மதியம் அவள் ஆபீஸுக்கு வந்தபோது பழம் மெஷின்மேலேயே இருந்தது. கேசட்டைப் போட்டாள். காசியின் குரல்!

"பாச்சல் ஊர்கிட்ட வண்டி ரிப்பேராகி நிக்கறேன். வேற வழியில்ல, அதான் இதுகிட்ட பேசறேன்."

பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். சக்கரவர்த்தியைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் கிளம்பினாள். பொழுது சாய்வதற்குள் வண்டி சரியானது.

காசியின் முகம் மலர்ந்திருந்தது. அவள் முந்தானை முடிச்சில் இருந்த பழத்தைக் காட்டினார். "அந்தப் பழத்த குடும்மா, சக்கரத்துல வச்சுட்டு எடுக்கறேன்."

"தரமாட்டேண்ணா. நீங்க ஊரு வந்து சேந்தாத்தான் என் வேல முடியும். அப்பறம்தான் இத மெஷின்மேல திரும்ப வைக்கணும்."

ஆபீஸ் வாசலில் ஜியாவுல்லா நின்றிருந்தார். லாரியிலிருந்து குதித்த காசி அவருக்குச் சலாம்கூட வைக்கவில்லை.

"ஜாஹிராம்மா, மொதல்ல பழத்த வைய்யி!"

அவள் வைத்தாள். ஜியாவுல்லா பழத்தையும் மகளையும் பார்த்தார்.

"நாளைக்கு நேரத்தோட வந்து ஆபீஸ தொற" என்றார்.