என் கேமராவை நானே சோதித்துக் கொடுத்தேன்

போன மாதம் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போன கேமராவை, அந்த ஜப்பானிய ராணுவ அதிகாரி இன்று காலை காஜா பெராங் தெருவில் உள்ள என் ஸ்டூடியோவுக்கே கொண்டுவந்தார்.

“படமெல்லாம் மங்கலா விழுதாம். கெட்டுப்போன லென்ஸைக் கொடுத்து ஏமாத்திட்டியான்னு கேக்கிறாரு” என்றார் கூட வந்த மொழிபெயர்ப்பாளர் செல்லையா அண்ணன்.

நானா கொடுத்தேன்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சோதித்தேன்.

பழைய செய்தித்தாளைச் சாய்வாக நிறுத்தி, நடுவரியின் கீழ் சிவப்புக் கோடு போட்டேன். கேமராவின் சிறு ஜன்னலில் தெரியும் இரண்டு பிம்பங்களும் அந்த வரியில் ஒன்றாகும்வரை லென்ஸைத் திருப்பினேன். ஃபிலிம்தான் இப்போது ராணுவத்தைத் தவிர யாருக்கும் கிடைப்பதில்லையே. அதனால் பின்மூடியைக் கழற்றி, ஷட்டரைத் திறந்து நிறுத்தி, ஃபிலிம் இருக்கவேண்டிய இடத்தில் தேய்த்த கண்ணாடியை வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தேன். சிவப்புக் கோட்டு வரிதான் துல்லியமாக இருந்தது. லென்ஸில் ஒரு குறையும் இல்லை. அவருக்குத்தான் ஃபோகஸ் பண்ணத் தெரியவில்லை.

செல்லையா அண்ணன் காதோரம் வந்தார். “தம்பி, லென்ஸ் ரோசாக், கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு லா. வீசிட்டுப் போயிடுவாரு, உனக்கே கிடைச்சிடும்.”

நல்ல யோசனைதான். ஆனால் ஏமாற்றுக்காரன் என்ற பேச்சு இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

“லென்ஸ் சரியாத்தான் இருக்கு அண்ணே. அவருக்கு எடுக்கத் தெரியலைன்னு சொல்லுங்க.”

அண்ணன் எதைச் சொன்னாரோ, அதிகாரி சிரித்தபடி கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“நாளைக்கு நீயே வந்து இதுல அவரைப் படம் எடுக்கணுமாம்” என்றார் அண்ணன்.

கேமரா என்னுடையது, லென்ஸ் என்னுடையது, கூலியில்லாத வேலையாளும் நானே. நண்பர்களே, நாளை அந்த முகத்தை எவ்வளவு துல்லியமாக எடுக்கட்டும்? நீங்களே சொல்லுங்கள்.