கூட்டில் வெள்ளம்

கல்யாணமாகிக் கோயமுத்தூரிலிருந்து சேரம்பாடிப் பக்கத்து எஸ்டேட் குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் மழைக்காலத்தில் நான் பயப்படாத பொருளே இல்லை. அட்டை, இடி, பலாப்பழ வாசனைக்கு வரும் யானை, கரண்ட் போன வீடு. இது போதாதென்று வாத்துக்குஞ்சு வேறு வளர்க்க ஆரம்பித்தேன். சும்மா இருக்கத் தெரியாதவள் என்று என் வீட்டுக்காரர் சொன்னதில் தப்பில்லை.

முதலில் கூடலூர் சந்தையில் வாங்கிய மூன்று. அவற்றுக்கு மஞ்சள் பஞ்சு உதிர்ந்து முள் முள்ளாக இறகு கிளம்பிய சமயத்தில், பக்கத்து வீட்டுச் சேச்சி தன் கோழியை அடை வைத்துப் பொரித்த வாத்துக்குஞ்சுகள் நான்கைக் கொண்டுவந்து தந்தார். வயநாட்டிலிருந்து வந்து இங்கே கொழுந்து பறிப்பவர். அவர் பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம்.

"ஒண்ணாப் போட்டு வளத்து மோளே. பெருசு சிறுசைப் பாத்துக்கும்" என்றார்.

பார்த்துக்கொள்வதாவது. தவிட்டுக் கிண்ணத்தைக் கண்டால் பெரியவை மூன்றும் சின்னதுகளின் முதுகில் ஏறித்தான் ஓடும். எந்த நேரம் எது நசுங்குமோ என்று தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். சின்னதுகளோ பெரியவற்றையே தாய் என்று நம்பி, அவை எங்கே போனாலும் பின்னாலேயே போகும். என் பெரிய பயமே அதுதான். தாய் வாத்தோடு வளரும் குஞ்சுக்கு அதன் உடம்பு எண்ணெய் ஒட்டும், நனைந்தாலும் தாங்கும். கோழி பொரித்ததற்கு அந்தப் பாக்கியம் இல்லை. இந்தக் குளிரில் ஊறினால் விறைத்துவிடும். ஆகவே டப்பா மூடியில் கூழாங்கல் போட்டு, அலகு நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் வைப்பேன்.

"ஏம்புள்ள, வாத்துக்குத் தண்ணி காட்டாம வளக்கற மொத ஆளு நீதான்" என்பார் வீட்டுக்காரர்.

எஸ்டேட் ஆபீசில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. சேச்சி லீவு போட்ட ஒரு நாள், மத்தியானம் குஞ்சுகளைப் பார்த்துவிட்டு ஆபீசுக்கு ஒரு போன் பண்ணும்படி அவரிடம் சொல்லியிருந்தேன். அன்று காலையிலிருந்தே பேய்மழை. கரண்ட் போய்விட்டது, கூட்டில் கதகதப்புக்குப் போட்டிருந்த பல்பும் அணைந்திருக்கும் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. கடை போனிலிருந்து சேச்சி கூப்பிட்டார். ஒரே இரைச்சல். "மோளே, கூட்டுல வெள்ளம்..." என்பது மட்டும் காதில் விழுந்தது. லைன் அறுந்துபோயிற்று.

வீட்டுக்குப் பின்னால் ஓடை. "ஊட்டுக்குள்ள வெள்ளம் பூந்துருச்சுங்க" என்று ஹெட் கிளார்க்கிடம் சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக்கூட நிற்காமல் தேயிலைக் காட்டு வழியாக ஓடினேன். குடை எங்கோ பறந்தது. அட்டை ஏறியது, யானை பற்றிய நினைப்பே வரவில்லை. ஏழும் செத்து மிதப்பதுதான் கண்ணுக்குள் நின்றது.

போய்ப் பார்த்தால் ஓடை அதன் இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வாசலில் சேச்சி சாவகாசமாக அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறார்.

"எந்தா மோளே, இந்த மழையில? மூடியில வெள்ளம் தீந்து போச்சு, நான் வேற வெச்சேன்னு சொல்லத்தானே விளிச்சேன்."

வெள்ளம் என்றால் அவர் பாஷையில் தண்ணீர். அது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அழுகையும் சிரிப்புமாகப் படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தேன்.

"எதுல வெச்சீங்க சேச்சி?"

"பாவம், வாத்தல்லே, நீந்தட்டும்னு... துணி அலசற பேசின்ல."

பெரியவை குளித்து முடித்து வெளியே இறகு கோதிக்கொண்டிருந்தன. பின்னாலேயே கொல்லைப் படியிலிருந்து குதித்த நான்கும் பேசினுக்குள். விளிம்பு ஏற முடியாமல், நனைந்த திரி மாதிரி சுருங்கி, நீந்தவும் தெம்பில்லாமல் கிடந்தன. எல்லாவற்றிலும் சின்னது கழுத்தைத் தொங்கப் போட்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் சேச்சியின் முகம் வெளுத்துவிட்டது. துணியால் துடைத்தோம். விறகடுப்பை மூட்டினோம். கூடையில் சாக்கு விரித்து நான்கையும் அடுப்போரம் வைத்தேன். நடுக்கம் நிற்கவில்லை.

"பெருசுகளையும் கூட இடு மோளே. அதுகளுக்கு நல்ல சூடு" என்றார் சேச்சி.

மிதித்துவிடுமே என்றேன். ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. மூன்றையும் துவட்டி உள்ளே விட்டு, மேலே துணியைப் போட்டு மூடினேன். கொஞ்ச நேரம் ஒரே கூச்சல். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அந்தச் சத்தமின்மையைப் போல எதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை. துணியைத் தூக்கிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கை நீளும், திரும்பி வந்துவிடும். மழை விட்டது. வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும் நேரமும் நெருங்கியது. நான் கூடைக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் சேச்சிதான் துணியை விலக்கினார். குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"மோளே, கொறச்சு வெள்ளம் கொண்டு வா."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும். அந்தச் சின்ன மூடியில."